73 ஆட்டம் வென்ற அணி கோப்பையை விட்டது எங்கே?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2015–16 சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73ஐ வென்றது. அதற்கு முன் எந்த அணியும் அத்தனை வென்றதில்லை. அதே அணி, முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை என்ற இறுதிச் சுற்றில் கிளீவ்லாண்ட் கேவலியர்ஸுக்கு எதிராக 3–1 என்று முன்னால் இருந்தும் கோப்பையை விட்டது. "சாதனைக்காக ஓடிக் களைத்துப் போனதால்தான் தோற்றார்கள் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அந்த 73க்கு என்ன மதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி அணிக்கு ஆடியவன், அப்புறம் இருபது ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். அந்த அணிக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கோர்ட்டில் நடந்ததும், ஆட்டக் கணக்கில் பதிவானதும் மட்டுமே என் கையில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் களைப்பு என்ற பதில் எனக்கு ஒப்பவில்லை. அது வாரியர்ஸின் தோல்வியை விளக்குவதைவிட, கிளீவ்லாண்டின் வெற்றியை மறைக்கிறது.

அந்த சீசன் எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து வருவோம். தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களால் முதல் 43 ஆட்டங்களுக்கு வரவே இல்லை. உதவிப் பயிற்சியாளர் லூக் வால்டன்தான் பொறுப்பேற்று நடத்தினார். அவர் கையில் அணி 39 வென்றது, 4 தோற்றது. முதல் 24 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் இருந்த நல்ல தொடக்கம் 15 வெற்றிதான். 2015 டிசம்பர் 11 அன்று பாஸ்டனில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி வென்றுவிட்டு, மறுநாள் இரவே மில்வாக்கியில் இறங்கி 108–95 என்று முதல் தோல்வியை வாங்கினார்கள். உண்மையான களைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த மில்வாக்கி ஆட்டத்தைப் பாருங்கள். அன்று யாருக்கும் காலே எழவில்லை.

வாரியர்ஸின் ஸ்டீஃபன் கர்ரியைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆண்டைச் சொல்ல முடியாது. ஒரு சீசனில் மூன்று புள்ளி ஷாட் அதிகம் போட்ட சாதனை அதுவரையும் அவருடையதுதான், முந்தைய ஆண்டில் போட்ட 286. இந்த ஆண்டு 402 போட்டார். ஒரு சாதனையை யாராவது முறியடித்தால் ஐந்து, பத்து கூட்டுவார்கள். இவர் 116 கூட்டினார். சராசரி 30.1 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம். மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த 131 பேரும் அவரையே முதலில் எழுதினார்கள்; அதற்கு முன் அது நடந்ததில்லை. பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், நடுக்கோட்டைத் தாண்டிய சில அடிகளிலேயே நின்று ஷாட் எடுத்து 121–118 என்று முடித்தாரே, அதற்கு மறுநாள் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பாதிப் பேர் நடுக்கோட்டிலிருந்து பந்தை எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சரி, இப்போது சாதனைக்காக ஓடியது என்கிறோமே, அது எத்தனை ஆட்டம்? இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் வாரியர்ஸ் தடுமாறியது உண்மை. ஏப்ரல் 1 அன்று பாஸ்டனிடம் 109–106 என்று சொந்த மண்ணில் தோற்றார்கள். வழக்கமான சீசனில் தொடர்ந்து 54 உள்ளூர் வெற்றி என்ற வரிசை அன்று அறுந்தது. ஏப்ரல் 5 அன்று மினசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. அப்போது கணக்கு 69–9. மீதி நான்கு ஆட்டங்களையும் வென்றால்தான் சிகாகோ புல்ஸ் 1995–96இல் எடுத்த 72–10ஐத் தாண்ட முடியும். ஆனால் அந்த நான்கில் முதலாவது, ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோவுக்கு எதிரானது, சாதனைக்கானது மட்டுமல்ல. சான் அன்டோனியோவும் அந்த ஆண்டு சாதாரண அணி இல்லை, 67 ஆட்டங்கள் வென்றது. மேற்குப் பிரிவின் முதலிடமும், சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் முழுக்க உள்ளூர் அனுகூலமும் ஏப்ரல் 7 வரை முடிவாகவில்லை. அன்று 112–101 என்று வென்ற பிறகுதான் அது உறுதியானது.

ஆகவே சாதனைக்காக மட்டுமே ஆடியவை மூன்று ஆட்டங்கள். ஏப்ரல் 9 மெம்ஃபிஸில், ஏப்ரல் 10 சான் அன்டோனியோவில், ஏப்ரல் 13 மறுபடி மெம்ஃபிஸுடன் சொந்த ஊரான ஓக்லாண்டில். முதல் இரண்டும் அடுத்தடுத்த இரவுகள், இரண்டும் வெளியூர். மெம்ஃபிஸில் 100–99 என்று தொண்டைக்குள் உயிர் வந்து நின்ற வெற்றி. மறுநாள் சான் அன்டோனியோவில் 92–86. அந்த ஊரில் வழக்கமான சீசனில் 33 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிருந்த அணி அன்று வென்றது. சான் அன்டோனியோவுக்கு அந்த சீசனில் சொந்த மண்ணில் விழுந்த ஒரே தோல்வியும் அதுதான். நான் பயிற்சியாளராக இருந்தால் அந்த இரண்டில் ஒன்றிலாவது கர்ரியையும் டிரேமண்ட் கிரீனையும் உட்கார வைத்திருப்பேன். இது என் கருத்து. ஆனால் இரண்டு மாதம் தாண்டி ஜூன் 19 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தை, ஏப்ரலில் ஆடிய மூன்று ஆட்டங்கள் தோற்கடித்தன என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

ஆட்ட நிமிடங்களையும் பாருங்கள். கர்ரி அந்த சீசனில் 79 ஆட்டங்களில் சராசரியாக 34.2 நிமிடம் ஆடினார். பல ஆட்டங்களில் மூன்றாம் கால் பகுதிக்குள் முடிவு தெரிந்துவிட்டதால், நான்காவதில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தார். எதிரில் இருந்த கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் 76 ஆட்டங்கள், சராசரி 35.6 நிமிடம். வயதில் மூன்று ஆண்டு மூத்தவர் அதிக நிமிடம் ஓடியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், 72 வென்ற புல்ஸ் அணியில் மைக்கேல் ஜோர்டான் 82 ஆட்டங்களும் ஆடினார், சராசரி 37.7 நிமிடம். அவர்கள் கோப்பையையும் வென்றார்கள். அந்தப் புல்ஸ் அணியின் பெஞ்சிலிருந்து வந்து மூன்று புள்ளி ஷாட் போட்டவர் இந்த ஸ்டீவ் கெர்தான். சாதனையையும் கோப்பையையும் ஒரே ஆண்டில் எடுத்த அணியில் இருந்தவர் அவர், அந்த ஓட்டத்தின் சுமை தெரியாதவர் அல்ல.

கர்ரிக்கு நடந்தது வேறு, அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 16 அன்று ஹூஸ்டனுடன் பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் கணுக்கால் பிசகியது. இரண்டு ஆட்டம் வெளியே. ஏப்ரல் 24 அன்று நான்காவது ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். முதல் பாதியின் கடைசி நொடிகளில் தரையில் எதிரணி ஆட்டக்காரரின் வியர்வை ஈரத்தில் கால் வழுக்கி, வலது முழங்காலின் உட்பக்கத் தசைநார் இழுபட்டது. மே 9 அன்று போர்ட்லாண்டில் பெஞ்சிலிருந்து இறங்கிக் கூடுதல் நேரத்தில் மட்டும் 17 புள்ளிகள் எடுத்து, மொத்தம் 40 புள்ளிகளோடு ஆட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அணி ஆடிய 24 பிளேஆஃப் ஆட்டங்களில் அவர் ஆடியது 18. இறுதிச் சுற்றில் சராசரி 22.6 புள்ளிகள், ஷாட் வெற்றி 40 சதவீதத்தை ஒட்டி; சீசனிலோ அது 50க்கு மேல். முழங்கால் முழுதாகச் சரியாகியிருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெரிய ஆட்டக்காரர்களைத் தன் முன்னால் நிறுத்தி ஆட்டி வைக்கும் அந்த முதல் அடி அவரிடம் ஜூனில் அவ்வளவாக இல்லை. ஆனால் ஈரத் தரையில் வழுக்கியதைச் சாதனை மேல் எழுதக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 82 ஆட்டங்களில் வாரியர்ஸ் ஒரு முறைகூட அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்கவில்லை. ஒரே அணியிடம் இரண்டு முறையும் தோற்கவில்லை. எனக்கு 73ஐவிட இதுதான் பெரிய சாதனை. ஆனால் பிளேஆஃபின் கேள்வியும் இதற்குள்ளேதான் இருக்கிறது. வழக்கமான சீசனில் ஓர் அணி உங்களை ஆண்டுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு முறைதான் பார்க்கும். முந்தின நாள் இரவு விமானத்தில் வந்து இறங்கி, காலையில் ஒரு மணி நேரம் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட வருவார்கள். பிளேஆஃபில் அதே அணி இரண்டு வாரம் உங்களை மட்டுமே படிக்கும். எந்த ஆட்டக்காரருக்கு இடது கை பலவீனம், யார் ஸ்கிரீனில் (சகாவைப் பிடிப்பவரின் வழியில் ஒருவர் நின்று மறிப்பதில்) மெதுவாகத் திரும்புகிறார், யாரைத் திறந்து விட்டாலும் பரவாயில்லை என்று எல்லாம் மூன்றாவது ஆட்டத்துக்குள் தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் நான் இதைத் தேர்வை வைத்துச் சொல்வேன்: எல்லாப் பாடத்திலும் 90 எடுப்பது ஒன்று, ஒரே பாடத்தில் ஏழு முறை குறுக்கு விசாரணைக்கு நிற்பது வேறு.

மேற்குப் பிரிவு இறுதியில் ஓக்லஹோமா சிட்டி அதைத்தான் செய்தது. சீசனில் மூன்று முறை மோதி மூன்றிலும் வாரியர்ஸ் வென்றிருந்தது. ஆனால் பிளேஆஃபில் கெவின் டுராண்ட், ஸ்டீவன் ஆடம்ஸ், செர்ஜ் இபாகா என்று நெட்டையான, அதே நேரம் வேகமாக நகரும் ஆட்கள் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஆளை மாற்றிப் பிடித்தார்கள். நீளமான கைகள் பாஸ் போகும் வழியை எல்லாம் அடைத்தன. மூன்றாவது ஆட்டத்தில் 28 புள்ளி, நான்காவதில் 24 புள்ளி வித்தியாசத்தில் வாரியர்ஸ் அடி வாங்கியது. அந்த ஆண்டில் முதல் முறையாக அடுத்தடுத்து இரண்டு தோல்வி, 3–1 என்ற பின்னடைவு. அதிலிருந்து எழுந்து வந்ததற்குக் காரணம் ஆறாவது ஆட்டத்தில் க்ளே தாம்ப்சன் எதிரணி ஊரில் போட்ட 11 மூன்று புள்ளி ஷாட்களும் 41 புள்ளிகளும். அந்தத் தொடர் மே 30 அன்று முடிந்தது. ஜூன் 2 அன்று இறுதிச் சுற்று தொடங்கிவிட்டது. களைப்பு என்ற வாதத்துக்கு நான் கொஞ்சமாவது இடம் கொடுப்பேன் என்றால் இங்கேதான். இறுதிக்கு வருவதற்குள் வாரியர்ஸ் 17 பிளேஆஃப் ஆட்டம் ஆடியிருந்தது, கிளீவ்லாண்ட் 14தான். உடம்பைப் பிழிந்தது ஓக்லஹோமா சிட்டி, ஏப்ரல் மாதம் அல்ல.

இறுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களும் ஒருதலையாக முடிந்தன, 104–89, 110–77. மூன்றாவதைக் கிளீவ்லாண்ட் 120–90 என்று எடுத்தது. நான்காவதை அவர்கள் ஊரிலேயே வாரியர்ஸ் 108–97 என்று வென்று 3–1 ஆனது. அந்த நான்காவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் டிரேமண்ட் கிரீன் கீழே விழுந்திருந்தபோது லெப்ரான் அவர் மேல் தாண்டிப் போனார். எழுந்த கிரீன் கையை வீசியது லெப்ரானின் இடுப்புக்குக் கீழே பட்டது. லீக் பின்னர் வீடியோவைப் பார்த்து அதை முதல் வகை முரட்டு ஃபவுல் என்று அறிவித்தது. அந்த ஒரு ஃபவுலுக்கு யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஆனால் பிளேஆஃபில் முரட்டு ஃபவுல்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு: முதல் வகைக்கு 1, இரண்டாம் வகைக்கு 2, மொத்தம் 3ஐத் தாண்டினால் ஓர் ஆட்டம் தடை. கிரீன் ஹூஸ்டனுக்கு எதிராக ஒன்று சேர்த்திருந்தார். ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக ஆடம்ஸை உதைத்ததற்கு இரண்டு. இது நான்காவது. ஐந்தாவது ஆட்டத்தின்போது அவர் அரங்குக்குள்ளேயே வர முடியாமல், பக்கத்தில் இருந்த பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்.

கிரீன் இல்லாதது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று ஆட்டம் அதிகம் பார்க்காதவர்களுக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாரியர்ஸின் பலம் கர்ரியின் ஷாட் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கர்ரி, தாம்ப்சன், இகுடாலா, பார்ன்ஸ், கிரீன் என்ற அந்தச் சின்ன உருவ ஐவர் அணி நிற்பதே கிரீனை நம்பித்தான். ஆறரை அடியை ஒட்டிய உயரத்தில் ஏழடிக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று வளையத்தைக் காப்பார். ஸ்கிரீன் வந்தால் வெளியே ஓடி எதிரணியின் பந்து கொண்டுவருபவரையும் பிடிப்பார். மறுபக்கம், கர்ரியை இரண்டு பேர் சூழ்ந்தால் பந்து கிரீனிடம் வரும். அங்கிருந்து நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஆட்டத்தை அவர்தான் நடத்துவார். அவரை எடுத்துவிட்டால் தடுப்பிலும் தாக்குதலிலும் ஒரே நேரத்தில் ஓட்டை விழும். ஐந்தாவது ஆட்டம் பாதியில் 61–61. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வாரியர்ஸின் நெட்டை ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டின் முழங்கால் அடிபட்டது, அவருக்கு அத்தோடு தொடர் முடிந்தது. வளையத்தைக் காக்கத் தெரிந்த இரண்டு பேரும் இல்லை. கிளீவ்லாண்டில் லெப்ரான் 41 புள்ளி, கைரி இர்விங் 41. ஒரே அணியில் இரண்டு பேர் இறுதிச் சுற்று ஆட்டமொன்றில் 40ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. வாரியர்ஸ் இரண்டாம் பாதியில் எடுத்தது 36. ஆட்டம் 112–97.

கிரீன் ஆடியிருந்தால் அன்றே தொடர் முடிந்திருக்குமா? முடிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். சொந்த மண், 3–1 முன்னிலை, பாதிவரை சமம். ஆனால் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அன்று இர்விங் ஆடிய ஆட்டத்தை யார் நின்றிருந்தாலும் தடுத்திருப்பார்களா என்பது கேள்விதான். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: அந்தத் தடைக்கும் 73க்கும் தொடர்பு இல்லை. ஒரு ஆட்டக்காரர் தன் கோபத்தை அடக்காமல் மூன்று தொடர்களில் சேர்த்து வைத்த கணக்கு அது.

ஹாரிசன் பார்ன்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி மூன்று ஆட்டங்களில் அவர் 32 ஷாட் எடுத்து 5தான் விழுந்தது. இவர் ஷாட் விழாது என்று தெரிந்ததும் கிளீவ்லாண்ட் அவரை விட்டுவிட்டுக் கர்ரியையும் தாம்ப்சனையும் நெருக்கியது. ஒருவர் கை உறைந்தால் அவருக்கு மட்டும் நஷ்டமில்லை, மற்ற நான்கு பேருக்கும் இடம் சுருங்குகிறது. ஆண்ட்ரே இகுடாலாவுக்கு ஆறாவது ஆட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டது, லெப்ரானைப் பிடிக்க வேண்டியவரே அவர்தான். அந்த ஆட்டம் முதல் கால் பகுதியிலேயே 31–11 என்று போய், 115–101இல் முடிந்தது.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனால் வாரியர்ஸ் தானாகவே தோற்றது போல ஆகிவிடும். அது நியாயம் இல்லை. கிளீவ்லாண்டின் கதையையும் பாருங்கள். முந்தைய ஆண்டு இறுதியில் இதே வாரியர்ஸிடம் 4–2 என்று தோற்றபோது அவர்களுக்குக் கெவின் லவ் தோள் காயத்தால் இல்லை, இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் உடைந்து போனார். வாரியர்ஸின் 2016 காயங்களைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 18 அன்று கிளீவ்லாண்டிலேயே வாரியர்ஸ் அவர்களை 132–98 என்று நொறுக்கியது. நான்கு நாள் கழித்து, 30 வென்று 11 தோற்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்த அணியின் பயிற்சியாளர் டேவிட் பிளாட் நீக்கப்பட்டு டைரன் லூ வந்தார். அதே ஜனவரி 22 அன்றுதான் ஸ்டீவ் கெரும் வாரியர்ஸ் பெஞ்சுக்குத் திரும்பினார். இரண்டு அணிகளின் ஆண்டும் ஒரே நாளில் திரும்பியது என்று எனக்குத் தோன்றும்.

ஜூனில் கிளீவ்லாண்ட் கண்டுபிடித்த வழி எளிமையானது, அதைச் செய்து முடிப்பதுதான் கடினம். கர்ரி யாரைப் பிடிக்கிறாரோ அந்த ஆளையே கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொல்வது. வாரியர்ஸ் ஆளை மாற்றிப் பிடிக்கும் அணி, அதனால் கர்ரி வந்து லெப்ரானுக்கோ இர்விங்குக்கோ எதிரில் நிற்க வேண்டிவரும். ஆறே கால் அடி கர்ரி, ஆறடி எட்டு அங்குல லெப்ரான். மாற்றாமல் விட்டால் அந்த அரை நொடியில் லெப்ரான் உள்ளே போய்விடுவார். இதை ஓர் ஆட்டத்தில் ஒன்றிரண்டு முறை செய்தால் தாங்கலாம். தாக்குதலுக்குத் தாக்குதல் செய்தால் கர்ரி தடுப்பிலேயே மூச்சு வாங்குவார், மறுபக்கம் ஷாட் எடுக்கக் கால் இருக்காது. அந்தத் தொடரில் நான் கண்ட களைப்பு இதுதான், அதை உண்டாக்கியது எதிரணியின் திட்டம். லெப்ரான் அந்த ஏழு ஆட்டங்களில் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (சகாவின் ஷாட்டுக்கு வழிவிட்ட பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தட்டுவது) ஐந்திலும் இரண்டு அணியையும் சேர்த்து முதலிடம் எடுத்தார். என்பிஏவில் எந்தப் பிளேஆஃப் தொடரிலும் அதற்கு முன் யாரும் அதைச் செய்யவில்லை. அதைச் செய்தவரைத் தாண்டி "அவர்கள் களைத்துவிட்டார்கள்" என்று எப்படிச் சொல்வது?

ஏழாவது ஆட்டம் நமக்கு ஜூன் 20, திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டினால் வாரியர்ஸ் 610, கிளீவ்லாண்ட் 610. கூட்டிப் பாருங்கள், மேலே எல்லா எண்ணும் இருக்கிறது. அந்த ஏழாவது ஆட்டத்திலும் நான்கு நிமிடம் 39 நொடி மீதி இருக்கும்போது 89–89. தொடர் முழுக்க ஆளுக்கு 699. கிரீன் அன்று 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். வாரியர்ஸில் அன்று மிகச் சிறப்பாக ஆடியவர் அவரே. போகட் இல்லாததால் ஃபெஸ்டஸ் எஸிலி உள்ளே இருந்தார். கடைசிக் கட்டத்தில் லெப்ரானின் போலி ஷாட்டுக்கு அவர் எழும்பி ஃபவுல் செய்து மூன்று ஃப்ரீ த்ரோ கொடுத்ததும், அடுத்து லெப்ரான் அவர் தலைக்கு மேலேயே ஒரு மூன்று புள்ளி போட்டதும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் மூன்றே முக்கால் நிமிடம் இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. களைப்பு வாதக்காரர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் சாதனைக்காக ஓடாத கிளீவ்லாண்டும் அங்கே ஷாட்டுக்கு ஷாட் தவறவிட்டுக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு பிளேஆஃப் ஆட்டங்களோ இருபத்தொன்றோ, ஜூன் மாதக் கடைசி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கால் போயிருந்தது. ஒரு நிமிடம் 50 நொடி இருக்கும்போது வாரியர்ஸின் வேகத் தாக்குதலில் இகுடாலா வளையத்துக்கு அருகில் எடுத்த எளிய லேஅப் ஷாட்டை, கோர்ட்டின் நீளத்துக்கு ஓடி வந்து லெப்ரான் பலகையில் வைத்து அடித்தார். களைத்த உடம்பு ஓடும் ஓட்டமா அது? 53 நொடி இருக்கும்போது கிளீவ்லாண்டின் ஜே.ஆர். ஸ்மித் ஸ்கிரீன் போட, இர்விங் முன்னால் கர்ரி வந்து நின்றார். தொடர் முழுக்கத் தேடிய அதே ஜோடி. வலப்பக்கம் ஓரடி பின்வாங்கி இர்விங் போட்ட மூன்று புள்ளி விழுந்தது. மறுபக்கம் கர்ரியின் முன்னால் கெவின் லவ் மாறி நின்றார், அவர் தடுப்பில் பெயர் வாங்கியவர் அல்ல. கர்ரி இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார், லவ் விலகவில்லை, ஷாட் விழவில்லை. முடிவு 93–89. இறுதிச் சுற்றில் 3–1 என்று பின்தங்கிய அணிகள் அதற்கு முன் 32, ஒன்றுகூட மீண்டதில்லை. கிளீவ்லாண்ட் நகரத்துக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் 1964க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது.

அப்படியானால் அந்த 73க்கு என்ன மதிப்பு என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. பிளேஆஃபையும் சேர்த்தால் வாரியர்ஸ் அந்த ஆண்டு 88 ஆட்டம் வென்றது, புல்ஸ் 87. வித்தியாசம் தோல்வியில் இருக்கிறது. புல்ஸ் பிளேஆஃபில் மூன்றே முறை தோற்றது. வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 9 தோல்வி, பிளேஆஃபின் 24 ஆட்டங்களிலும் 9 தோல்வி. முழுமையான ஆண்டு எது என்றால் நான் புல்ஸ் பக்கம் நிற்பேன். ஆனால் ஆட்டத்தையே மாற்றிய ஆண்டு எது என்றால் தயங்காமல் 2015–16 என்பேன். ஓர் அணி ஒரே சீசனில் ஆயிரத்துக்கு மேல், 1077 மூன்று புள்ளி ஷாட் போட்டது அப்போதுதான் முதல் முறை. இன்று எந்த ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் நெட்டைப் பையனும் வளையத்தை விட்டு வெளியே வந்து ஷாட் பழகுகிறான். எங்கள் காலத்தில் அப்படிச் செய்தால் பயிற்சியாளர் விசில் ஊதி உள்ளே துரத்துவார்.

அந்தத் தோல்விக்குப் பின் ஜூலை 4 அன்று டுராண்ட் வாரியர்ஸில் சேரப்போவதாக அறிவித்ததும், புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்கு ஒரே தாவலாக ஏறியதால் அது சாத்தியமானதும் தனிக் கதை. அதை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த சீசனை நேரில் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எல்லாரும் ஏழாவது ஆட்டத்தைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். முடிந்தால் அதற்கு முன் இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். முதல் பாதியில் கிரீன் நிற்க வேண்டிய இடத்தில் யார் நிற்கிறார்கள், போகட் போன பிறகு இர்விங் எந்தப் பக்கமாக உள்ளே நுழைகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள்.